அக்காவின் கொண்டையும் மூன்று சென்டிமீட்டரும்

2025 மார்ச்சில் திருச்சியில் என் அக்காவுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவைக்கிற ஸ்லீவ் ஆபரேஷன். செலவில் பெரும்பங்கை மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டியது. அது தெரிந்ததிலிருந்து ஆடுதுறையிலும் கும்பகோணத்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி பாலிசி?" என்பதுதான். கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் ஏமாந்துவிடக்கூடும். மூன்றரை வருஷம் இதோடு அலைந்தவள் என்ற முறையில் முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு அப்போது 50 வயது. ஆடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு, மூன்று ஏக்கர் நஞ்சை. அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல இருப்பாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் நோயாகப் பார்த்ததில்லை. "நல்லா சாப்பிட்ட உடம்பு" என்று மெச்சித்தான் சொல்வார்கள். மூன்று வேளையும் அரிசிதான். காலையில் இட்லி அல்லது பழையது, மத்தியானம் சாதம், ராத்திரியும் சாதம். ஆனால் முன்பு அந்தச் சாதத்தைச் செரிக்கிற வேலையும் இருந்தது. நாற்றுப் பறிப்பதும் நடவும் களையும் பெண்களின் இடுப்பில்தான் நடந்தன. இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது, அறுப்புக்கும் மெஷின். வரப்பில் போய் நின்று கணக்குப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. சாதம் மட்டும் அதே அளவு.

2021 மார்கழியில் ஒருநாள் விடியற்காலை அவள் வீட்டில் இருந்தேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டிய வரை இழுத்துவிட்டு எழுந்திருப்பாள், முக்காலியை ஒரு அடி நகர்த்துவாள், மறுபடி உட்காருவாள். ஒவ்வொரு தடவை எழும்போதும் இரண்டு கையும் முழங்காலை அழுத்தும். இருபத்தொரு புள்ளிக் கோலத்தை ஒரே மூச்சில் குனிந்தபடி போட்டு முடித்தவள் அவள். நான் மாவுக் கிண்ணத்தை வாங்கப் போனேன். "விடுடி, இதையும் நிறுத்திட்டா அப்புறம் நான் என்னத்துக்கு" என்றாள்.

எலும்பு டாக்டர், மூட்டு மாற்று அறுவை பற்றிப் பேசுவதற்கு முன்பே எடையைக் குறைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது, ராத்திரியில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தன. 2019ல் கும்பகோணத்தில் ஒரு உணவியல் நிபுணரிடம் போய் ஏழு கிலோ குறைத்தாள், ஒரே வருஷத்தில் ஒன்பது கிலோ ஏறியது. இதில் அவள் மனஉறுதியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்த அளவுக்கு ஏறிவிட்ட உடம்பு தன் எடையைத் தானே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும், குறைத்துச் சாப்பிட்டால் பசியைக் கூட்டிவிடும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். அதை முப்பது வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அக்கா எத்தனை பேச்சுக் கேட்காமல் இருந்திருப்பாள் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

இனி இன்சூரன்ஸ் விஷயம்.

எந்த ஹெல்த் பாலிசிப் புத்தகத்தை எடுத்தாலும் "விலக்குகள்" என்ற பகுதியில் 06 என்ற குறியீட்டோடு உடல் பருமன் இருக்கும். அதைப் பார்த்ததும் நம்மவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் மூடினேன். ஆனால் அந்தப் பத்தி ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறது. முன்பெல்லாம் பல பாலிசிகள் இந்த அறுவையை அடியோடு ஒதுக்கின. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக விலக்குகளின் வாசகத்தை வகுத்தது. 2020 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்ன நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் பணம் இல்லை என்பதுதான் அந்த வாசகம். நிறைவேறினால் உண்டு என்று நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனைகள் இவை. டாக்டரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைகள் ஏற்ற முறையாக இருக்க வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிஎம்ஐ, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருகிற எண், 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40க்குள் என்றால், கூடவே நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயின் தீவிர நிலை, கட்டுப்பாட்டில் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை. இந்த இரண்டாவது வழியில் வருகிறவர்கள் உணவுக் கட்டுப்பாடு, மருந்து போன்ற எளிய வழிகளை முயன்று பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

அந்த நான்கை மறுபடி படியுங்கள். முழங்கால் இல்லை. ரத்த அழுத்தம் இல்லை. கொழுப்புக் கல்லீரல் இல்லை. அக்காவை முக்காலியில் உட்கார வைத்த வலிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இன்னொரு சிக்கல் 40, 35 என்ற எண்களிலேயே இருக்கிறது. அவை 1991ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொன்னவை. நம்மவர்களுக்கு அதே பிஎம்ஐயில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதனால் ஆசியர்களுக்கென்று இங்கே அறுவை நிபுணர்கள் பின்பற்றுவது 37.5, கூட நோய் இருந்தால் 32.5. 2022ல் உலக அளவிலான சங்கங்களே பழைய வரம்பை 35க்கும் 30க்கும் இறக்கி, ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டன. பாலிசி வாசகம் இன்னும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. ஆகவே டாக்டர், "உங்களுக்கு இது தேவை" என்று சொல்லி, கம்பெனி, "தகுதி இல்லை" என்று சொல்லுகிற ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த நான்கு நோயும் இல்லாமல் பிஎம்ஐ 38, 39ல் இருப்பவர்கள் எல்லாரும் அதில்தான் மாட்டுகிறார்கள். இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசகம் எல்லாருக்கும் ஒன்று என்றால், "எங்கள் பாலிசியில் பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை) கவர் உண்டு" என்று சொல்லி விற்பதில் பெரிய விசேஷம் இல்லை. வித்தியாசம் வேறு மூன்று இடத்தில் இருக்கிறது. நம்மை உள்ளே எடுத்துக்கொள்கிறார்களா, எத்தனை மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள், இந்த அறுவைக்கென்று தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா.

முதல் விஷயத்திலேயே அடி வாங்கினோம். 2021 நவம்பரில் அத்தானுக்குத் தெரிந்த ஒரு முகவர் வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனார். நல்ல மனிதர், காபி குடித்துக்கொண்டே பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். பாலிசி தபாலில் வந்ததும் அக்கா அதை என்னிடம் கொடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த படிவ நகலைப் பார்த்தேன். எடை: 72 கிலோ. சர்க்கரை: இல்லை. அக்காவின் எடை அன்றைக்கு 93. போன் செய்தேன். "அம்மா, உள்ளதைப் போட்டா பாலிசியே குடுக்க மாட்டாங்க. எட்டு வருஷம் ஓடிட்டா அப்புறம் யாரும் கேக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. தொடர்ந்து குறிப்பிட்ட காலம் பாலிசி நடந்துவிட்டால், தகவலை மறைத்தார் என்று கம்பெனி கிளப்ப முடியாது என்று விதி உண்டு. அப்போது எட்டு வருஷமாக இருந்தது, 2024 முதல் 60 மாதம். ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எடைக்காகவே ஒரு அறுவை செய்துகொண்டு பணம் கேட்கப்போகிறவள் படிவத்தில் எடையையே மாற்றி எழுதினால் எங்கே போய் நிற்பது? பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் காலம் அப்போது 15 நாள்தான் (இப்போது 30). பதினோராம் நாள் திருப்பிக் கொடுத்தோம். முகவர் வருத்தப்பட்டார். அத்தானுக்கும் சங்கடம். இன்றைக்கும் அந்த முடிவைத்தான் இந்தக் கதையிலேயே சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் வரும்.

அடுத்த கம்பெனியில் உண்மையை எழுதினோம். மறுத்துவிட்டார்கள். இந்த அறுவைக்குப் பணம் தர 40 பிஎம்ஐ வேண்டும், ஆனால் 40க்குப் பக்கத்தில் இருப்பவரை உள்ளே சேர்க்கவே தயங்குகிறார்கள். பருமனான ஒருவர் இதைப் படித்தால், இன்னும் ஏறுவதற்கு முன்னால் பாலிசி எடுத்துவிடுங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். அறுவை வேண்டும் என்று முடிவு செய்த பிறகு தேடினால் மூன்று வருஷம் தாமதம்.

மூன்றாவது கம்பெனி கும்பகோணத்தில் ஒரு பரிசோதனை மையத்துக்கு அனுப்பியது. ரத்தம், சிறுநீர், இசிஜி, உயரம், எடை. பத்து நாள் கழித்து, பிரீமியத்தில் 25 சதவீதம் கூடுதல் வைத்து ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. 2022 ஜனவரியில் பாலிசி ஆரம்பம், பத்து லட்சம் காப்பீடு. அந்தக் கூடுதலைப் பார்த்து அத்தான் யோசித்தார். நான் விடவில்லை. நம்முடைய எடையையும் சர்க்கரையையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குத்தான் அந்தப் பணம்.

காத்திருப்புக் காலத்தைப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு ஒரு காத்திருப்பு: அப்போது அதிகபட்சம் 48 மாதம், 2024 ஏப்ரலில் 36ஆகக் குறைத்தார்கள். குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று எல்லாம் அதில் வரும். சில கம்பெனிகளில் எடைக் குறைப்பு அறுவையும் அங்கே இருக்கும், 24 அல்லது 36 மாதம் என்று. இரண்டில் எது நீளமோ அதுதான் கணக்கு. நாங்கள் எடுத்ததில் இரண்டுமே 36 என்று இருந்தது. உச்சவரம்பு விஷயம் இன்னும் நுணுக்கமானது. நான் பார்த்த ஒரு பாலிசியில் காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சம், ஆனால் இந்த அறுவைக்கு மட்டும் இரண்டரை லட்சம்தான். அது விளம்பரத் தாளில் இல்லை, உள்ளே ஒரு அட்டவணையில் இருந்தது. அறை வாடகைக்கு வரம்பு இருந்தால் அதையும் விடாதீர்கள். வரம்பைவிட உயர்ந்த அறையில் தங்கினால் வாடகை வித்தியாசத்தோடு போகாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

அக்கா மகன் சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். அவன் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்தால் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. அதில் நம்பிக்கையாக இருந்தோம். கேட்டுப் பார்த்தால் எடைக் குறைப்பு அறுவையை அந்தக் குழுப் பாலிசி ஒதுக்கியிருந்தது. குழுப் பாலிசி என்பது முதலாளியும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வது, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை உண்டா என்று அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரிப்பது நல்லது. அத்தானின் வருமானத்துக்கு அது பொருந்தவில்லை.

அப்புறம் மூன்று வருஷம். எழுதும்போது ஒரு வரி, அனுபவிக்கும்போது ஆயிரத்துச் சொச்சம் நாள். அந்த மூன்று வருஷத்தில் நான் செய்தது ஒன்றுதான், ஒரு பச்சை நிற ஃபைல் வாங்கினேன். 2019ல் பார்த்த உணவியல் நிபுணரின் சீட்டு ஒன்றுகூட எங்களிடம் இல்லை, மளிகை சாமானோடு எங்கேயோ போய்விட்டது. "எளிய வழிகள் பலிக்கவில்லை" என்பதற்குப் பேப்பர் வேண்டும். அதனால் அக்காவை மறுபடி அவரிடம் அழைத்துப்போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி, எடை, உணவுத் திட்டம், கையெழுத்து, முத்திரை என்று வாங்கி வைத்தேன். அக்கா நிஜமாகவே முயன்றாள். ராத்திரி சாதத்தை விட்டாள், வாய்க்கால் கரையில் காலை நடை போனாள், கால் வீங்கியது. 93லிருந்து 89 வந்து, 95க்குப் போனாள். அந்த ஏற்ற இறக்கம் முழுக்க ஃபைலில் இருக்கிறது.

காத்திருப்புக் காலம் எண்ணப்படுவது பாலிசி அறுபடாமல் ஓடினால்தான். அதில் ஒரு தடவை பயந்துபோனோம். 2023ல் மேட்டூரை ஜூன் 12ல் திறந்தார்கள், ஆனால் அணையில் தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10ல் மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை வர வேண்டிய தண்ணீர். குறுவையில் கையைக் கடித்தது, சம்பாவை போர்த்தண்ணீரில் காப்பாற்றி அறுத்தார்கள். எங்கள் பிரீமியம் தேதி ஜனவரி 19. நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்துக் கிடக்கிறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று காயவைக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தான் தார்ப்பாயை விரிப்பதும் மூடுவதுமாக ஒரு வாரம் அங்கேயே படுத்திருந்தார். கட்ட வேண்டியது பதினெட்டாயிரத்துச் சொச்சம். கெடு தாண்டினாலும் முப்பது நாள் அவகாசம் உண்டு, அதற்குள் கட்டினால் காத்திருப்பில் சேர்ந்த மாதங்கள் போகாது. ஆனால் வருஷப் பிரீமியத்தில் அந்த இடைப்பட்ட நாளில் ஏதாவது ஆனால் பணம் கிடைக்காது. முப்பதாவது நாளும் தவறினால் இரண்டு வருஷக் காத்திருப்பு மண்ணாகிவிடும். அக்கா கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 18ஆம் தேதி சாயந்திரம் கட்டினோம். மாசியில்தான் மீட்டோம். டெல்டாவில் பாலிசி எடுப்பவர்கள் தேதியைக் கவனித்து எடுங்கள். அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகு வருகிற மாதமாக இருந்தால் நிம்மதி.

(ஏற்கெனவே வேறு கம்பெனியில் பாலிசி வைத்திருப்பவர்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளாவது முன்னால் மாற்றக் கேட்டால், கழிந்த காத்திருப்பு மாதங்கள் புதுக் கம்பெனியிலும் கணக்கில் வரும்.)

2025 ஜனவரியில் 36 மாதம் முடிந்தது. பிப்ரவரி முதல் வாரம் திருச்சி. எடை 95 கிலோ. நர்ஸ் உயரம் அளந்து 157 என்று எழுதினார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.2. தூக்கப் பரிசோதனைக்காக ஒரு ராத்திரி தலையிலும் மார்பிலும் ஒயர்களோடு படுக்க வைத்தார்கள். மணிக்கு 24 தடவை மூச்சு தடைபடுகிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க அந்த நிசப்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சு நிற்கும், நான் எழுந்து நிற்பேன், பிறகு ஒரு பெரிய இழுப்போடு வரும். டாக்டர் பார்த்துவிட்டு அறுவை தேவை என்று எழுதிக் கொடுத்தார். கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் திரவ உணவு என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து கம்பெனியின் முன் அனுமதிக்கு அனுப்பினார்கள். ஆணையத்தின் 2024 உத்தரவுப்படி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். நிராகரிப்பு. பிஎம்ஐ 38.5. 40 இல்லை. நான்கு நோய்களில் எதுவும் நிரூபணமாகவில்லை. சர்க்கரை 7.2 என்பதால் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கொண்டார்கள். ஒரு மாத்திரை விடாமல் போட்டவள் அக்கா. மூச்சுத் தடைக்கு மணிக்கு 30 தாண்டினால்தான் தீவிரம், அவளுக்கு 24.

அக்கா எதுவும் பேசவில்லை. "வாடி, போவலாம்" என்று பையை எடுத்தாள். எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. மடியில் ஃபைல் இருந்தது. எதற்கென்று தெரியாமல் ஆரம்பத்திலிருந்து புரட்டினேன். மூன்றாவது தாள், 2022ல் அந்தக் கம்பெனியே அனுப்பிச் செய்த பரிசோதனை. எடை 93. உயரம் 154.

அக்கா வளரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். காலையில் தலைக்குக் குளித்த ஈர முடியை உச்சியில் அள்ளி முடிந்திருந்தாள். முதல் நாள் வந்தபோதும் அப்படித்தான் முடிந்திருந்தாள். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கக் குளித்த கையோடு கிளம்பியிருந்தோம். உயரம் அளக்கிற கட்டை இறங்கி அந்தக் கொண்டை மேல் உட்கார்ந்திருக்கிறது.

நர்ஸிடம் போய்க் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை, உடனே எழுந்து வந்தார். அக்கா செருப்பைக் கழற்றினாள், கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் விழுந்தது. குதிகால் சுவரில் பட நின்றாள். கட்டை உச்சந்தலையைத் தொட்டது. 154. நர்ஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தார். 95ஐ 1.54ஆல் இரண்டு முறை வகுத்தால் 40.06. உயரம் 1.57 என்றால் 38.5. மூன்று சென்டிமீட்டரில் ஒரு ஆயுசு நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. திரவ உணவில் அக்கா மூன்றரை கிலோ குறைந்திருந்தாள், அன்றைய எடை 91.5. அந்த எடையை வைத்தால் மறுபடி 40க்குக் கீழே. டாக்டர் ஒரு கடிதம் எழுதினார்: அறுவைக்கு ஆலோசனை சொன்ன நாளில் எடை 95, சரியான உயரம் 154, அதன்பின் குறைந்தது அறுவைக்கு முந்தைய உணவு நெறிமுறையால். அதோடு கம்பெனியின் சொந்தப் பரிசோதனைத் தாளையும், மூன்று வருஷ உணவியல் சீட்டுகளையும் சேர்த்து மறுபரிசீலனைக்கு அனுப்பினோம். மறுத்தால் அடுத்து கம்பெனியின் குறைதீர் பிரிவு, அதிலும் ஆகாவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி) என்று மனசைத் தயார் செய்துகொண்டேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அதுவரை போக வேண்டிவரவில்லை. நான்காம் நாள் அனுமதி வந்தது.

முகவர் எழுதிய 72 கிலோப் படிவத்தோடு இருந்திருந்தால் அந்த மூன்றாவது தாளே இருந்திருக்காது.

மொத்த பில் 3,86,000. கம்பெனி கொடுத்தது 3,58,000. கையுறை, பதிவுக் கட்டணம், அது இது என்று மிச்சம் எங்கள் கையிலிருந்து. பில்லில் பெரிய உருப்படி வயிற்றை வெட்டித் தைக்கிற ஸ்டேப்ளரும் அதன் தோட்டாக்களும்தான். முன்கூட்டியே மதிப்பீட்டுத் தாள் வாங்கினால் அது தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நான்காம் நாள் டிஸ்சார்ஜ்.

பாலிசி தராதவையும் உண்டு. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் இனி வாழ்நாள் முழுக்க. புரதப் பவுடர், உணவியல் ஆலோசனை, குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகான ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நம் செலவு. மாதத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு இறங்குங்கள். எடை இறங்கிய பிறகு தொங்குகிற தோலை எடுக்கும் அறுவையை அழகு சிகிச்சைக் கணக்கில் வைத்து பாலிசிகள் பொதுவாக ஒதுக்கிவிடுகின்றன. அக்காவுக்கு வயிற்று மடிப்பில் புண் வந்தபோதுதான் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது.

இந்த ஜனவரியில் பாலிசியைப் புதுப்பித்தோம். 2025 செப்டம்பர் 22லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் 18 சதவீத வரி மிச்சம். எடைக்காகப் போட்ட 25 சதவீதக் கூடுதலை எடுக்கச் சொல்லிப் புதிய அறிக்கைகளோடு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அக்கா இப்போது 69 கிலோ. ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி. முழங்கால் முழுக்கச் சரியாகிவிடவில்லை, ஆனால் மூட்டு மாற்றுப் பேச்சு தள்ளிப்போயிருக்கிறது. மார்கழியில் முக்காலி இல்லாமல் கோலம் போட்டாள், நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தபோது மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவைத் தலைப்பால் வயிற்றை மூடியபடி திண்ணையில் பாதி உட்கார்ந்தாள். "அக்கா, அந்த பாலிசி..." என்று ஆரம்பித்தாள். அக்கா பச்சை ஃபைலை எடுக்க என்னை உள்ளே அனுப்பிவிட்டு, அவளை எழுந்து நிலைப்படியில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னாள்.

"செருப்பைக் கழட்டு. கொண்டையை அவுரு."

ஃபைலோடு நான் திரும்பி வந்தபோது அக்கா முக்காலி மேல் ஏறி நின்று, அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் ஸ்கேலை மட்டமாக வைத்து, நிலைக்காலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.